முழங்கால் அளவு பனி

லண்டனில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. மதராஸுக்கு ஏழெட்டுத் தடவை போயும் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே கப்பலைக் கண்ணால் கண்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் சித்தூரில் அந்த நாளில் ‘லண்டன்காரர்’ என்றால் அவர் ஒருவர்தான். வேட்டி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கக்கத்தில் ஒரு பத்திரிகைக் கட்டு. எதிரே வருகிறவரைப் பார்த்ததும் கட்டை இடது கக்கத்திலிருந்து வலது கக்கத்துக்கு மாற்றினார் என்றால், நிறுத்திப் பேசப்போகிறார் என்று அர்த்தம். அவசர வேலை உள்ளவர்கள் அந்தக் கணமே தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் இருவரும் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஒரே அறையில் இருந்தோம். அவர் மொழிபெயர்ப்பாளர். ஜனங்கள் தமிழில் எழுதிக் கொண்டுவரும் மனுக்களை இங்கிலீஷிலோ தெலுங்கிலோ மாற்றி மேலே அனுப்புவது அவர் வேலை. அவர் எழுதியதைப் பார்த்து மூன்று நகல் எடுப்பது என் வேலை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆந்திரா தனி மாநிலமாகி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மதராஸ் பக்கம் என்பது முடிவாகாமல் கிடந்தது. எல்லையை வகுக்க ஒரு பெரியவர் வரப்போகிறார் என்று பேச்சு. அதனால் எங்கள் அறைக்கு மனுக்கள் மூட்டையாக வந்துகொண்டிருந்தன.

ஊரே எல்லை, எல்லை என்று கிடந்த அந்த நாளில் அவர் வாயிலிருந்து மட்டும் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. பிரிட்டிஷ் அரசியல்தான் பேசுவார். அங்கே பிரதமர் செய்தது சரியா, எதிர்க்கட்சி ஏன் தூங்குகிறது, சர்க்கரை ரேஷனை எடுத்தது யோசித்துச் செய்த காரியமா என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அந்தச் சொல்லை அவர் உச்சரிப்பதே தனி. ‘என் அபிப்பிராயம் என்னன்னா’ என்று ஆரம்பித்தால் பக்கத்து பெஞ்சில் இட்லி தின்கிறவன்கூட ஒரு நிமிஷம் நிறுத்துவான்.

“வெள்ளைக்காரந்தான் போய்ட்டானே சார், அவன் ஊட்டு விசயம் நமக்கு இன்னாத்துக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருநூறு வருசம் நம்ம ஊட்டு விசயத்துல அவன் அபிப்பிராயம் சொல்லிக்கினு இருந்தானா இல்லியா? யாரு கேட்டா அவனை? இப்ப என் முறை. நான் சொல்றேன். அவன் கேக்காட்டி போறான்.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே அது தன் கடமை என்று நினைத்தார்.

ஊரில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வீட்டுக்கு லண்டனிலிருந்து இரண்டு பத்திரிகைகள் கப்பலில் வரும். ஒன்று ஆளும் கட்சிக்கு ஜால்ரா, மற்றது அதைத் தினமும் கிழிப்பது. டாக்டர் படித்து முடித்ததும் கட்டு இவருக்கு வரும். அதற்குள் செய்திக்கு ஒன்றரை மாசம் வயதாகியிருக்கும். அங்கே ஒரு மந்திரி ராஜினாமா செய்து, வேறொருவர் வந்து, அவரும் பழகிப்போன பிறகு, இங்கே இவர் அந்த முதல் மந்திரி ராஜினாமா செய்ய வேண்டும் என்று காபி ஓட்டலில் வாதாடிக்கொண்டிருப்பார். ஊரில் ரேடியோ இருந்தது. அதைக் கேட்க மாட்டார். “ரேடியோல ஒரு குரல்தான் வருது. ஒரு ஆளு சொல்றத வச்சி அபிப்பிராயம் எப்படிப்பா ஏற்படும்?” என்பார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பத்திரிகைகளும் ஒரு விஷயத்தை ஒரேமாதிரி எழுதினால் அது நிஜம். ஒன்று மட்டும் எழுதினால் அது வதந்தி. அவ்வளவுதான். ஆபீஸில் பியூன் முதல் பெரிய அதிகாரி வரைக்கும் இந்தச் சட்டம் தெரியும். கேன்டீனில் வடை ஊசிப்போச்சு என்று ஒருவன் சொன்னால், “எதிர்க்கட்சி இன்னா சொல்லுது?” என்று இன்னொருவன் கேட்பான்.

அதே சட்டத்தை வைத்துத்தான் அவர் எல்லை விவகாரத்திலிருந்து நழுவிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குத் தமிழ்ப் பத்திரிகையும் தெலுங்குப் பத்திரிகையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும். சந்தைத் திடலில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை ‘மக்கள் வெள்ளம்’ என்று எழுதியது. தெலுங்குப் பத்திரிகை ‘வேலை இல்லாத சிலர்’ என்று எழுதியது. இவர் அன்றைக்கு அங்கே கொத்துமல்லி வாங்கப் போயிருக்கிறார். “நான் கண்ணால பாத்தேன். ரெண்டும் பொய்யி. நான் நின்ன எடத்தப் பத்தியே நெசம் வரலைன்னா நான் எத வச்சிப் பேசறது? லண்டன்ல நான் நின்னதில்ல, அதனால அத நம்பலாம்” என்று முடித்துவிட்டார்.

வேறு காரணமும் இருந்ததென்று எனக்குத் தோன்றும். அவர் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடியானவக் குடும்பம். அவர் வீட்டம்மா பலமனேர்ப் பக்கம், தெலுங்கு. வீட்டில் அந்த அம்மாள் தெலுங்கில் கேட்பார், இவர் தமிழில் பதில் சொல்வார், பத்து வயது மகள் இருவரிடமும் அவரவர் மொழியில் சண்டை போடுவாள். பள்ளிக்கூடத்தில் மகளைத் தமிழ் செக்‌ஷனில் சேர்த்திருந்தார்கள். சேர்த்தது அந்த அம்மாள்தான். “அவர் பேச்சு அதுக்காவது புரியட்டும்” என்றாராம். ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது இவர் சர்க்கரை ரேஷனைப் பற்றி ஆரம்பித்தார். உள்ளிருந்து குரல் வந்தது: “லண்டன்லோ சக்கெர ரேஷன் எத்தேசாரண்ட. மன இண்ட்லோ உப்பு லேது!” அதாவது அங்கே ரேஷனை எடுத்தாச்சாம், இங்கே நம் வீட்டில் உப்பே இல்லை. அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு உப்பு வாங்கக் கிளம்பினார்.

இப்படிப்பட்டவரை நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆபீஸ் விட்டதும் எதிரே காபி ஓட்டலில் ஒரு கூட்டம் சேரும். பாதிக்குமேல் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். எல்லையைப் பற்றி வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும். எங்களுக்கு இந்த லண்டன்காரர் பேச்சு வசமாக வந்து வாய்த்தது. இவர் மறைபொருளாகப் பேசுகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். லண்டன் என்றால் அப்போது ஆந்திராவுக்குத் தலைநகரமாக இருந்த கர்நூல். பிரிட்டிஷ் பிரதமர் என்றால் நம் பெரிய அதிகாரி. மான்செஸ்டர் என்றால் நகரி, ஏனென்றால் இரண்டு ஊரிலும் தறி ஓடுகிறது. இப்படி ஓர் அட்டவணையே நான் மனசில் போட்டு வைத்திருந்தேன். அவர் பேசப் பேசப் பக்கத்தில் இருப்பவன் காதில் அர்த்தம் சொல்வேன். அவன் கண்ணை அகல விரித்து, “ஆளு லேசுப்பட்டவன் இல்லப்பா!” என்பான். எனக்குப் பெருமை தாங்காது.

அவர் ஒன்றுமே தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் திடீரென்று நாங்கள் கை தட்டினால் மிரண்டு போவார்.

“ஏம்பா கை தட்றீங்க? நான் இன்னா சொல்லிட்டேன்?”

“சொல்லுங்க சார், சொல்லுங்க. எங்களுக்குப் புரியுது.”

“இன்னா புரியுது? நான் பேசறது மான்செஸ்டரப்பா!”

“ஆமா சார், மான்செஸ்டருதான்” என்று நாங்கள் கண்ணடிப்போம். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருந்த சங்கடம் அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிரிட்டனில் வாலிபர்களை நடத்துகிற விதம் அவருக்கு ஆகவே ஆகாது. அந்தக் காலத்தில் அங்கே பதினெட்டு வயதுப் பையன்களைக் கட்டாயமாகக் கூப்பிட்டு இரண்டு வருஷம் பட்டாளத்தில் போடுவார்கள். ஓட்டுரிமை இருபத்தொன்றில்தான். “துப்பாக்கி தூக்க வயசாயிடிச்சி, ஓட்டுச் சீட்டு தூக்க வயசாவலையா?” என்று மேஜையைத் தட்டுவார். நீளக் கோட்டும் எண்ணெய் தடவிய கிராப்பும் வைத்துக்கொண்ட சில பையன்கள் ஒரு சினிமாக் கொட்டகையில் நாற்காலிகளை உடைத்தார்கள் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதின. அதற்கும் கோபம். “நாலு பேரு நாக்காலி ஒடைச்சான். மீதிப் பேரு அதே நாக்காலில குந்திக்கினு ஒழுங்காப் படம் பாத்தானே, அவனைப் பத்தி ஒரு வரி எழுதினானா? எழுத மாட்டான். ஒழுங்காக் குந்திக்கினு இருக்கறவன் சேதி ஆவ மாட்டான்.”

ஒருமுறை ஆபீஸ் வேலையாக நகரிக்குப் போய்விட்டு அங்கிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினோம். வழியில் புத்தூரில் பஸ் நின்றது. பஸ் ஸ்டாண்டில் எதிரும் புதிருமாக இரண்டு மேஜைகள். ஒன்று மதராஸோடு சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, மற்றது ஆந்திராவிலேயே இருக்கச் சொல்லி வாங்குவது. இரண்டிலும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இவர் கையைப் பிடித்துவிட்டார்கள். “நீங்க எந்தப் பக்கம் சார்?” என்று ஒருவன். “மீரு ஏ பக்கமண்டி?” என்று மற்றவன். எனக்கு உள்ளூர சந்தோஷம். இன்றைக்கு மாட்டிக்கொண்டார், வாயைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன் கையெழுத்து இதுல கீதா?” என்று அந்தத் தமிழ்ப் பையனைக் கேட்டார்.

“இல்ல சார். எனக்கு இன்னும் ஓட்டு வரல. பெரியவங்க கையெழுத்துதான் செல்லுமாம்.”

தெலுங்குப் பையனைத் தெலுங்கில் கேட்டார். அவனும் அதையே சொன்னான். அவ்வளவுதான், இவருக்குக் கட்டு ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்குப் போய்விட்டது. பிரிட்டிஷ் பட்டாளத்தில் ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் இரண்டு பையன்களும் மேஜையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்று, “அன்யாயமண்டி”, “அக்கிரமம் சார்” என்று ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து பையன்களைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனார்கள். அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. சாயங்காலம் வரை அங்கேயே வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அவர் பேச்சை வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ளாமல் கேட்டவர்கள் அந்த இரண்டு பையன்கள்தான்.

அதற்கப்புறம் சில வாரம் கழித்து அந்தப் பேச்சு வந்தது. பிரிட்டனில் பார்லிமென்ட் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மான்செஸ்டரில் அதற்குப் பலத்த எதிர்ப்பு என்று இரண்டு லண்டன் பத்திரிகைகளுமே எழுதிவிட்டன. ஆகவே அவருக்கு அபிப்பிராயம் திடமாக ஏற்பட்டுவிட்டது.

“ஒரு தெருவத் தூக்கி இந்தத் தொகுதிலேர்ந்து அந்தத் தொகுதில போடறான். தெருவுல குடியிருக்கறவனை ஒரு வார்த்தை கேட்டானா? ஸ்கேலை வச்சிக் கோடு போட்டவன் அந்தத் தெருவுல ஒருநாளு ஒரு டீ குடிச்சிருப்பானா? முழங்கால் அளவு பனியில நடந்துபோயி ஓட்டுப் போட்ட ஜனங்கப்பா அது. எல்லைய மாத்தினா அவங்களைக் கேட்டுட்டு மாத்து!”

ஓட்டலே அதிர்ந்தது. கல்லாவில் இருந்தவர்கூட எழுந்து நின்று கை தட்டினார். நான் மட்டும் சிரித்துவிட்டேன். “முழங்கால் அளவு பனியா சார்? அப்ப வெய்யில் இடுப்பு அளவுக்கு இருக்குமோ?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போய், ஆறின காபியை எடுத்துக் குடித்தார்.

அன்றைக்கே அதை உட்கார்ந்து எழுதினேன். மதராஸிலிருந்து வரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு எங்கள் ஊரில் செய்தி சேகரிக்கும் ஆள் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கொடுத்தேன். மறைபொருள் எதற்கு என்று, எனக்குத் தெரிந்த உண்மையான அர்த்தத்தையே போட்டேன். மான்செஸ்டரை நகரி ஆக்கினேன். தொகுதியை மாநிலம் ஆக்கினேன். அந்தப் பனியில் மட்டும் பேனா நின்றது. நகரியில் முழங்கால் அளவுக்குப் பனி ஏது? முழங்காலை வெட்டிவிட்டுப் பனியை விட்டுவைத்தேன். மார்கழியில் நகரியிலும் பனி பெய்யத்தானே செய்கிறது. ‘பனியில் நடந்துபோய் ஓட்டுப் போட்ட மக்கள்’ என்று படிக்கவும் நன்றாக இருந்தது. பெயர் போட வேண்டாம், சித்தூரில் ஒரு சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் போடுங்கள் என்றேன். சித்தூரில் சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடும், அவரும் ஒருநாள் தெரிந்து சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

தமிழ்ப் பத்திரிகை அதைக் கட்டம் கட்டிப் போட்டது. அடுத்த வாரம் தெலுங்குப் பத்திரிகை ஒன்று அதை வரிக்கு வரி தெலுங்கில் எடுத்துப் போட்டு, ஆந்திர சர்க்கார் சம்பளத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்டது.

அவர் இரண்டையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக விரித்துப் படித்தார். நான் நகல் எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

“ரெண்டும் ஒண்ணா எழுதியிருக்குதுப்பா. இத்தினி வருசத்துல மொதல் தடவை” என்றார். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, “முழங்கால் எங்க போச்சி?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டிருந்த நகலில் மை சிந்திவிட்டது.

மறுநாள் பெரிய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். விசாரணையைக் குறிப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அவர் மேஜைக்கு முன்னால், நான் மூலையில் பேப்பரும் பேனாவுமாக. அதிகாரி குண்டூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்.

“நான் பேசினது மான்செஸ்டர் சார். லண்டன் பேப்பர் ரெண்டும் கையில கீது, காட்றேன்” என்றார் இவர்.

“பனி அனி உந்தி கதண்டி? மன நகரிலோ கூடா மஞ்சு உண்டுந்தி” என்றார் அதிகாரி. பனி என்று எழுதியிருக்கிறதே, நம் நகரியிலும் பனி உண்டே என்று கேட்கிறார். அந்த ஊரில் குவிகிற உறைபனிக்கும் நகரியில் மார்கழியில் பெய்கிற பனிக்கும் தமிழில் பனிதான், தெலுங்கில் இரண்டுக்கும் மஞ்சுதான்.

“முழங்கால் அளவு பனின்னு சொன்னேன் சார். அது இந்த ஊருல ஏது? அது ஒண்ணு போதுமே நான் எந்த ஊரைச் சொன்னேன்னு.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நீயும் அந்த ஓட்டலில் இருந்தாயாமே, முழங்கால் என்று சொன்னாரா என்று தெலுங்கில் கேட்டார்.

அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சிரித்தவன் நான். எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, அப்படியானால் அதை வெட்டியது யார் என்பது. அதற்கடுத்தது என் வேலை.

“சரியா ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

அதையும் நானே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பத்திரிகைகளும் ஒன்றாக எழுதினால் நிஜம் என்பது உங்கள் சட்டம்தானே, நான் என்ன செய்யட்டும் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகவே சொன்னார். பிறகு ஒரு வழியும் சொன்னார். மேலே பதில் அனுப்பியாக வேண்டும். ‘எல்லை விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், ஃபைலை மூடிவிடலாம். கொடுக்காவிட்டால் ஸ்ரீகாகுளத்துக்கு மாற்றல், தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

“மூணு நாள் டயம் குடுங்க சார்” என்றார் இவர்.

ஸ்ரீகாகுளம் ஆந்திராவின் அந்தக் கோடி. அங்கே தமிழ் செக்‌ஷன் உள்ள பள்ளிக்கூடம் கிடையாது. ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகள் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாம் நாள் அந்த அம்மாள் நான் குடியிருந்த அறைக்கே வந்துவிட்டார்.

“தம்முடு, ஒக்க லைன்தானே? உலகத்துல இருக்கறதுக்கெல்லாம் அபிப்ராயம் சொல்றாரு. இது ஒண்ணுக்கு இல்லன்னு எழுதினா என்ன? பாப்பாவை நெனைச்சாவது எழுதச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. உன்மேல அவருக்கு அவ்வளவு பிரியம்.”

சொல்கிறேன் அக்கா என்றேன். அவரிடம் போய் உட்கார்ந்தேன். இதை நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடத்தான் போனேன். வாயைத் திறந்தபோது, “எழுதிக் குடுத்துடுங்க சார், ஒரு வரிதானே” என்று வந்தது.

“அபிப்பிராயம் இல்லன்னு நான் எங்கப்பா எழுதறது? போன வாரம் கேட்டிருந்தா நெசமாவே இல்ல. இன்னும் சேதி முழுசா வரலைன்னு எழுதிக் குடுத்திருப்பேன். கேட்டுட்டாங்களே. கேட்டதுலேர்ந்து ராவும் பகலும் அதையே நெனைச்சிக்கினு கீறேன். ஏற்பட்டுப் போச்சி. ஏற்பட்டத இல்லன்னு எழுத என் கை வராது.”

மூன்றாம் நாள் அவர் கொடுத்த தாளில் ஒரு வரிதான் இருந்தது: ‘எல்லை விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் உண்டு.’ கீழே கையெழுத்து. அதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“ஏமண்டி இதி? எவரு அடிகாரண்டி மிம்மல்னி?”

“யாரு கேட்டான்னா? நீங்கதான் சார் கேட்டீங்க.”

“சரி, ஆ அபிப்ராயம் ஏமிட்டி?”

“அத எழுதச் சொல்லி ஆர்டர் வரலியே சார்.”

மாற்றல் உத்தரவை மூன்று நகல் எடுத்தது நான்தான்.

திருப்பதி ஸ்டேஷன் வரை சாமான்களைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். பிளாட்பாரத்தில் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டி அந்த அம்மாள் மகளுக்குத் தெலுங்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே திருப்பிச் சொன்னது. அவர் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பத்திரிகைக் கட்டு இல்லை. டாக்டர் வீட்டுப் பத்திரிகை ஸ்ரீகாகுளத்துக்கு எப்படி வரும்? கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை. வேறு எதையாவது கேட்டால் போதும் என்று இருந்தது.

“சார், எல்லையப் பத்தி உங்க அபிப்பிராயம்தான் இன்னா சார்? எங்கிட்டயாவது சொல்லுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் இத்தனை வருஷம் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

“நீதான் எழுதிட்டியேப்பா” என்றார். “இனிமே அதுதான் என் அபிப்பிராயம்.”

ரயில் வந்தது. பெட்டிகளை நான்தான் ஏற்றிவிட்டேன்.

எனக்கு அடுத்த மாசமே வேலை நிரந்தரமாயிற்று. சில வருஷத்தில் எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நகரியும் புத்தூரும் சித்தூரும் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. அவர் திரும்பி வரவே இல்லை. அந்தப் பெண் அங்கேயே தெலுங்கில் படித்து, அங்கேயே டீச்சராகிவிட்டதாகக் கேள்வி. நகரியில் இன்றும் சில வயசாளிகள் அவரைப் பற்றி, அந்தக் காலத்திலேயே தைரியமாகப் பேசியவர், நம் ஆள் என்று சொல்கிறார்கள். நான் தலையாட்டிக்கொண்டு கேட்கிறேன். அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியும் என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தான்.